டெல் பியரோவை எங்கே, எப்போது பார்த்தீர்கள்?

வடசென்னை லெஃப்ட் விங்

தலைப்பைப் போட்டவன் நான், அதனால் முதலில் நானே சொல்லிவிடுகிறேன். 2014 டிசம்பர் 9, செவ்வாய்க்கிழமை. வேலை முடித்து சென்ட்ரலில் இறங்கி பெரியமேடு வழியாக நடந்தே நேரு ஸ்டேடியம் போனோம், நானும் எங்கள் தெரு ஆட்கள் மூன்று பேரும். ஐஎஸ்எல், அதாவது இந்தியன் சூப்பர் லீக் கால்பந்தின் முதல் சீசன். சென்னையின் எஃப்சிக்கு லீக்கில் அதுதான் கடைசி ஆட்டம், எதிரே டெல்லி டைனமோஸ். அக்டோபரில் டெல்லிக்குப் போய் 4-1 என்று வாங்கிக்கட்டிக்கொண்டு வந்திருந்தோம், அந்தக் கோபம் வேறு. (அங்கேயும் நேரு ஸ்டேடியம், இங்கேயும் நேரு ஸ்டேடியம். என் அப்பாவுக்கு இதைப் புரியவைக்க அரை மணி நேரம் ஆனது.)

ஆனால் உண்மையைச் சொன்னால் நான் போனது பழி தீர்ப்பதைப் பார்க்க இல்லை. டெல்லியின் பத்தாம் நம்பரை, இத்தாலியின் யுவென்டஸ் கிளப்புக்கு வருடக்கணக்கில் ஆடிய டெல் பியரோவைப் பார்க்கத்தான் போனேன். பள்ளிக்கூட நாட்களில் என் அலமாரிக் கதவின் உள்பக்கம் அவர் படம்தான், ஸ்போர்ட்ஸ்டார் நடுப்பக்கத்திலிருந்து பிய்த்தது, ஸ்டேப்ளர் ஓட்டை நெற்றியிலேயே இருக்கும். அந்த ஆள் என் வீட்டிலிருந்து பஸ் ஏறினால் போய்விடக்கூடிய இடத்தில் ஆடுகிறார் என்பது அன்று மதியம் வரை எனக்கு ஒட்டவே இல்லை.

பிறந்தது 1974 நவம்பர் 9. அதாவது அன்று நாற்பது வயது முடிந்து சரியாக ஒரு மாதம். சீசனில் அதுவரை ஒரு கோல்கூட இல்லை. ஓடவில்லை என்றே சொல்லலாம், நடந்தார். பந்து வந்தால் ஒரு தொடுதல், இரண்டு தொடுதல், பாஸ். பக்கத்திலிருந்தவன் "இதுக்காடா இவ்ளோ காசு குடுத்தாங்க" என்று கேட்டான், எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

அப்புறம் ஒரு ஃப்ரீ கிக் கிடைத்தது. பந்தை வைத்துவிட்டு நிமிர்ந்தார் பாருங்கள், அந்த நிற்கும் தோரணை, அது அப்படியே என் அலமாரிக் கதவில் இருந்தது. அடித்தார். சுவர் மாதிரி வரிசையாக நின்ற நம் ஆட்களைத் தாண்டி வளைந்து வலைக்குள். நம் வலைக்குள். நான் எழுந்து நின்று "கோல்!" என்று கத்திவிட்டேன், தொண்டை கிழிய. முன்வரிசையில் நீலச் சட்டை போட்ட ஒருவர் மெதுவாகத் திரும்பி, "அண்ணே, நீங்க எந்த ஊரு?" என்றார். "வியாசர்பாடிதான் தம்பி" என்றேன். இரண்டு வினாடி முறைத்தார். பிறகு அவரும் எழுந்து கைதட்டினார்.

ஆட்டம் 2-2. நாம் லீக்கில் முதலிடம், டெல்லி 18 புள்ளியோடு ஐந்தாமிடம், நாலாவது வந்த கேரளாவுக்கு 19. ஒரே புள்ளியில் அரையிறுதி போனது. அதற்குப் பிறகு அவர் எந்த கிளப்புக்கும் ஆடவில்லை. பதோவாவில் ஆரம்பித்த கணக்கின் கடைசி கோல் நம் பெரியமேட்டில் விழுந்தது என்பது இன்றுவரை எனக்குக் கொஞ்சம் கர்வம்தான்.

எனக்குக் கிடைத்தது அடிச்சட்டியில் ஒட்டிய கடைசிக் கவளம். முந்தையதை எல்லாம் பார்த்தவர்கள் சொல்லுங்கள். நேரில்தான் பார்த்திருக்க வேண்டும் என்றில்லை.


ஒற்றை முழங்கால்

நான் நேரில் பார்த்ததில்லை. ஆனால் என் வலது முழங்காலுக்கு அவரை நன்றாகத் தெரியும்.

கல்லூரி மூன்றாம் ஆண்டு, கோவை. மழை பெய்து காய்ந்த மைதானம், மேலே புழுதி, கீழே வழுக்கல். திரும்பும்போது ஷூவின் அடிமுள் (ஸ்டட்) மண்ணில் மாட்டிக்கொண்டது, உடம்பு திரும்பிவிட்டது, கால் திரும்பவில்லை. உள்ளே 'டப்' என்று ஒரு சத்தம், எனக்கு மட்டும் கேட்டது. முதலில் பார்த்த இடத்தில் சுளுக்கு என்று சொல்லி களிம்பு கொடுத்து அனுப்பிவிட்டார்கள், ஒன்றரை மாதம் அப்படியே நடந்து திரிந்தேன், அப்புறம்தான் ஸ்கேனில் தெரிந்தது, முழங்காலைப் பிடித்திருக்கும் லிகமெண்ட், ஏசிஎல், போய்விட்டது.

படுக்கையில் கிடந்தபோது சீனியர் ஒருவர் வந்து டெல் பியரோ கதையைச் சொன்னார். 1998 நவம்பர் 8, இத்தாலியின் உதினே நகரம். முந்தின சீசனில் லீக்கில் 21 கோல், ஐரோப்பிய கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக்கில் 10 கோல், அங்கே அந்த வருடம் அவர்தான் அதிக கோல் அடித்தவர். உலகத்திலேயே முதல் மூன்று பேரில் ஒருவர் என்று பேச்சு. மறுநாள் 24ஆவது பிறந்தநாள். ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் முழங்கால் லிகமெண்ட் கிழிந்தது. ஒன்பது மாதம் வெளியே.

எல்லோரும் இதை 'காயத்திலிருந்து மீண்டு வந்தார்' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள், எனக்கு அதுதான் எரிச்சல். மீண்டு வருவது என்றால் மைதானத்துக்குத் திரும்புவது இல்லை. அவர் திரும்பிய 1999-2000 சீசனில் கோல் அடித்தார், ஆனால் பெரும்பாலும் பெனால்டி. ஓடும் ஆட்டத்தில் பந்து வலைக்குப் போகவே மாட்டேன் என்றது. காயத்துக்கு முன்னால் இருந்த அந்த முதல் ஐந்தடி வேகம் திரும்பி வரவே இல்லை. எனக்கு இது புரியும். டாக்டர் சரியாகிவிட்டது என்று சொன்ன பிறகும் கால் நம்பாது. மூளை 'திரும்பு' என்று சொல்லும், முழங்கால் ஒரு கணம் யோசிக்கும். அந்த ஒரு கணத்தில் டிஃபெண்டர் வந்துவிடுவான்.

2001 பிப்ரவரியில் அவருடைய அப்பா இறந்துபோனார். எலக்ட்ரீஷியன் வேலை பார்த்தவர். சில நாட்களிலேயே பாரி நகரில் ஆட்டம், இவர் கோல் அடித்து யுவென்டஸ் 1-0 ஜெயித்தது. அடித்துவிட்டு அழுதார். அந்த வீடியோவை நான் எத்தனை முறை பார்த்தேன் என்று கணக்கில்லை. கோல் எல்லாம் பெரிய விஷயமில்லை, அதில் அவர் டிஃபெண்டரை நோக்கி நேராகப் போகிறார், யோசிக்கவில்லை. கால் மறந்துவிட்டது, அவ்வளவுதான்.

நான் இப்போது வாரம் ஒரு முறை ஃபைவ்ஸ் (ஐந்து பேர் அணிக் கால்பந்து) ஆடுகிறேன். முழங்கால் இன்னும் யோசிக்கிறது.


ஆர்2 பட்டன்

மதுரையில் ஒரு கேம் சென்டர், மணிக்கு இருபது ரூபாய். கால்பந்து என்றால் என்ன என்று தெரிவதற்கு முன்னாலேயே எனக்கு டெல் பியரோவைத் தெரியும். இடது பக்கம் பெனால்டி பெட்டியின் முனைக்குக் கொண்டு போ, வலது காலுக்கு மாற்று, பட்டனைப் பிடித்து அழுத்து, பந்து வெளியே போவது மாதிரி போய்த் தூரத்து மூலையில் திரும்பி உள்ளே விழும். கடைக்கார அண்ணன் இது சீட்டிங் என்று யுவென்டஸை எடுக்கவே விடமாட்டார்.

ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது, அது கேம் பண்ணினவர்கள் வைத்த குறுக்குவழி இல்லை, அந்த இடத்துக்கே இத்தாலியில் அவர் பெயர்தான் வைத்திருக்கிறார்கள் என்று. 1995 செப்டம்பரில் ஜெர்மனியின் டார்ட்மண்டுக்கு எதிராக அடித்ததைப் பாருங்கள். 20 வயசு. அதே இடம், அதே வளைவு. கோல்கீப்பருக்கு என்ன நடக்கப்போகிறது என்று தெரியும், பாய்கிறார், ஆனால் தெரிந்து என்ன பிரயோஜனம்.

சாரி அண்ணே, எனக்கு இவ்வளவுதான் அனுபவம்.


பலெர்மோ தம்பி

எல்லாருக்கும் வணக்கம். நான் யாழ்ப்பாணம், இப்ப இருபத்தைந்து வருசத்துக்கு மேல சிசிலியில். பலெர்மோவில எங்கட சனம் நிறைய. செப்டம்பரில சாந்த ரொசாலியா மலைக்கு நடந்து ஏறுகிற தமிழரைப் பார்த்தால், சைவமா வேதமா (கிறிஸ்தவமா) என்று கேட்க மாட்டீர்கள், எல்லாரும் ஏறுவார்கள். அந்த மலை அடிவாரத்தில்தான் பலெர்மோவின் ஸ்டேடியமும் இருக்கிறது.

நான் வந்த புதிதில் ஒரு முதியவரைப் பார்த்துக்கொள்கிற வேலை. வீட்டில் எல்லாரும் அவரை நொன்னோ என்பார்கள், தாத்தா, நானும் அப்படியே கூப்பிட்டேன். இளமையில் வடக்கே டூரினுக்குப் போய் ஃபியட் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்று ஊர் திரும்பியவர். தெற்கு இத்தாலியில் இவ்வளவு பேர் ஏன் யுவென்டஸ் யுவென்டஸ் என்று உயிரை விடுகிறார்கள் என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. அவர்தான் விளங்கப்படுத்தினார். ஃபியட்டும் யுவென்டஸும் ஒரே அன்யெல்லி குடும்பம். சிசிலி, புல்யா, கலாப்ரியாவில் இருந்து வேலை தேடிப் போன பெடியன்கள் ஞாயிற்றுக்கிழமை போகப் பிடித்தது அந்த மைதானம்தான், திரும்பி வரும்போது அந்த அணியையும் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தார்கள். அதோடு பலெர்மோ அணி 1973இல் கீழே இறங்கினது 2004 வரைக்கும் இத்தாலியின் மேல் லீக்கான சீரி ஏக்கு வரவேயில்லை. முப்பத்தொரு வருசம் சொந்த ஊர் அணி இல்லாதவன் என்ன செய்வான்.

ஊரை விட்டுப் போய் அடுத்தவன் வீட்டில் வேலை செய்கிறவனுக்கு இதை இரண்டாம் முறை சொல்லத் தேவையில்லை. நான் அன்றே யுவென்டஸ் ஆள் ஆகிவிட்டேன்.

2002 மே 5. லீக்கின் கடைசி நாள். புள்ளிக் கணக்கில் இன்டர் 69, யுவென்டஸ் 68, ரோமா 67. நொன்னோவுக்கு டிவி வேண்டாம், ரேடியோதான். எல்லா மைதானத்தையும் மாற்றி மாற்றிச் சொல்கிற ஒலிபரப்பு, ஒரு அறிவிப்பாளர் பேசிக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் குறுக்கே கத்துவார், அதுதான் அதன் அழகு. எங்கட ஆட்டம் உதினேயில். த்ரெஸகே ஒன்று, டெல் பியரோ ஒன்று, முதல் பன்னிரண்டு நிமிசத்துக்குள் இரண்டு கோல், அங்கே கதை முடிந்தது. மிச்சம் ஒன்றரை மணித்தியாலமும் ரோமில் லாத்ஸியோவுக்கும் இன்டருக்கும் என்ன நடக்கிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு இருந்தோம். லாத்ஸியோ 4-2 என்று வென்றது. இரண்டாம் இடத்தில் நின்ற நாங்கள் முதலாவது, முதலிடத்தில் நின்ற இன்டர் மூன்றாவது.

நொன்னோ துள்ளிக் குதிக்கவில்லை. கதிரையில் இருந்தபடியே "கோதோ வந்துவிட்டான்" என்றார். எனக்கு விளங்கவில்லை. பழைய முதலாளி ஜான்னி அன்யெல்லி ஆட்களுக்குப் பட்டம் வைப்பதில் கெட்டிக்காரர். யுவென்டஸின் பழைய ஆட்டக்காரர் பாஜோ ஓவியன் ரஃபேல் என்றால் இந்தப் பெடியன் பின்டுரிக்கியோ, அதே காலத்து இன்னொரு ஓவியன், ரஃபேல் அளவுக்குப் பெயர் இல்லை, ஆனால் நுணுக்கம். பிறகு முழங்கால் உடைந்து கோல் வராத காலத்தில் அதே மனுசன் அவருக்குக் கோதோ என்று பேர் வைத்தார். ஒரு நாடகத்தில் எல்லாரும் காத்திருந்தும் கடைசி வரை வராமலே போகிற ஆளின் பெயராம்.

மேலே முழங்கால்காரத் தம்பி உதினே என்று எழுதியதைப் பார்த்ததும்தான் எனக்கு உறைத்தது. 1998இல் அவர் விழுந்த மைதானமும் 2002இல் பட்டத்துக்குக் கோல் அடித்த மைதானமும் ஒன்றுதான். இத்தனை வருசம் இதை நான் யோசிக்கவே இல்லை.

நேரில் பார்த்ததா? பலெர்மோ மேலே வந்த பிறகு ஒருமுறை யுவென்டஸ் ஆட வந்தது. அன்று வேலை, டிக்கெட் இல்லை. ஹோட்டலுக்கு வெளியே பஸ் நின்றது, சனம் நெருக்கியடித்தது, கண்ணாடிக்குப் பின்னால் ஒரு தலை, நெற்றியில் விழுந்த மயிர், கையை உயர்த்தினது. எனக்குத்தான் உயர்த்தினார் என்று நொன்னோவிடம் சொன்னேன். அவர் நம்பினார்.


கறுப்பு நீலம்

இந்த மே 5 கதையை யாராவது எடுப்பார்கள் என்று எதிர்பார்த்துத்தான் உள்ளே வந்தேன். நான் இன்டர் ஆள். 1997இல் பிரேசிலின் ரொனால்டோ அங்கே போன நாளிலிருந்து. அந்த 4-2இல் ரொனால்டோ பெஞ்சில் உட்கார்ந்து அழுததைப் பார்த்தவனுக்கு டெல் பியரோ பேரைக் கேட்டால் பாசம் பொங்காது, மன்னிக்கவும்.

கொஞ்சம் கணக்குப் பார்ப்போமா. சாம்பியன்ஸ் லீக் ஃபைனல் நான்கு ஆடினார். 1996 ரோமில் அயாக்ஸ், பெனால்டியில் ஜெயித்தார்கள், ஆட்டத்தில் கோல் அடித்தது ரவனெல்லி. 1997 மியூனிக்கில் டார்ட்மண்ட், இவர் மாற்று ஆட்டக்காரராக வந்து குதிகாலால் ஒரு அழகான கோல், ஆனால் தோல்வி 3-1. 1998 ஆம்ஸ்டர்டாமில் ரியல் மாட்ரிட், 1-0 தோல்வி. 2003 மான்செஸ்டரில் மிலானிடம் பெனால்டியில் தோல்வி. பெரிய இரவுகளில் ஆள் எங்கே? 1996 டோக்கியோவில் ரிவர் பிளேட்டுக்கு எதிராக உலக கிளப் பட்டத்தின் ஒரே கோல் அவருடையது என்று உடனே யாராவது வருவீர்கள், அது தெரியும், ஒத்துக்கொள்கிறேன்.

சரி, என் அனுபவம். 2006 பிப்ரவரி, மிலானில் சான் சிரோ மைதானம், இன்டர் - யுவென்டஸ். பெங்களூருவில் நாலு பேர் ஒரே அறையில், நடுராத்திரி, 1-1. ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது ஃப்ரீ கிக். யார் அடிக்கப்போகிறார் என்று தெரிந்ததும் அறைத்தோழன் (அவன் யுவென்டஸ்) ஒன்றும் பேசவில்லை, எழுந்து போய் டிவிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டான். கோல். நாக்கை நீட்டிக்கொண்டே ஓடுகிறார். அந்த நாக்கு. நான் தலையணையை எறிந்தேன், அது ஃபேனில் பட்டு ஊரெல்லாம் பஞ்சு.

அந்த சீசன் பட்டம் பிறகு ஊழல் வழக்கில் யுவென்டஸிடமிருந்து பிடுங்கப்பட்டு எங்களுக்குக் கொடுக்கப்பட்டது. காகிதத்தில் நாங்கள்தான் சாம்பியன். ஆனால் அந்த ஃப்ரீ கிக்கை யாராலும் மாற்றி எழுத முடியவில்லை, அது அவரிடமேதான் இருக்கிறது. இந்த ஒரு விஷயத்துக்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.


வடசென்னை லெஃப்ட் விங்

கறுப்பு நீலம் அண்ணே, ஃபைனல் கணக்கு சரி. ஆனால் 2003 அரையிறுதியில் ரியல் மாட்ரிடை 3-1 என்று அனுப்பியபோது இரண்டாவது கோல் யாருடையது? 2008 நவம்பரில் அதே மாட்ரிட் ஊரில், பெர்னபேயுவில், 34 வயசு ஆக நாலு நாள் இருக்கும்போது இரண்டு கோல் அடித்து 2-0, வெளியே வரும்போது எதிரணி ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டினார்களே, அது பெரிய இரவு இல்லையா? பஞ்சுக்கு வருந்துகிறேன்.


பென்டில்ஹில் அப்பா

சிட்னியில் இருந்து எழுதுகிறேன். பரமட்டா ஸ்டேடியம் எங்கள் வீட்டிலிருந்து காரில் கிட்ட. 2012இல் டெல் பியரோ சிட்னி எஃப்சிக்கு வருகிறார் என்று செய்தி வந்த கிழமை, லைக்கார்ட் பக்கம் ஒரு வேலையாகப் போனேன், அது பழைய இத்தாலியச் சனம் இருந்த இடம், கோப்பிக் கடையில் எழுபது எண்பது வயது மனிதர்கள் சின்னப் பிள்ளைகள் மாதிரிச் சத்தம் போட்டுக் கதைத்துக்கொண்டு இருந்தார்கள். எனக்கு அப்போது ஆளை அவ்வளவு தெரியாது. கிரிக்கெட்தான்.

மகனுக்குப் பன்னிரண்டு வயது. அந்த வருசம்தான் மேற்கு சிட்னிக்கென்று வொண்டரர்ஸ் என்று புது அணி, கறுப்பும் சிவப்பும். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் முழுக்க அந்த அணி. தமிழர், லெபனீஸ், கிரேக்கர், எல்லா வீட்டுப் பிள்ளைகளும் ஒரே சட்டை. அவனுக்கு சிட்னி எஃப்சி என்றால் பணக்காரக் கிழக்குப் பக்கம். அந்தப் பேரே ஆகாது.

ஒக்டோபர் 20, இரண்டு சிட்னி அணிகளுக்கும் இடையிலான முதலாவது டேர்பி, பரமட்டாவில். இதற்கு முதல் இரண்டு ஆட்டமும் சிட்னி தோற்றிருந்தது, வெலிங்டனில் 2-0, பிறகு சொந்த மைதானத்தில் நியூகாசிலிடம் 3-2, அதில் அவருக்கு ஒரு ஃப்ரீ கிக் கோல். மகனைக் கூட்டிக்கொண்டு போனேன். வொண்டரர்ஸ் பெடியன்கள் ஆட்டம் முழுக்கக் குதித்துக்கொண்டே பாடினார்கள், இப்படி ஒரு சத்தத்தை அவுஸ்திரேலியாவில் நான் கேட்டதில்லை, கோயில் தேருக்கு மட்டும்தான் கேட்டிருக்கிறேன்.

சிட்னிக்குப் பெனால்டி. டெல் பியரோ வருகிறார். முழு மைதானமும் ஊளை. அடித்தார், கீப்பர் தடுத்தார். மகன் கதிரைக்கு மேலே ஏறிவிட்டான். ஆனால் பந்து திரும்பி அவரிடமே வந்தது, சாவகாசமாக உள்ளே தள்ளினார். 1-0. அதுதான் ஆட்டத்தின் ஒரே கோல்.

வீட்டுக்கு வரும் வழியில் பெடியன் ஒரு சொல் கதைக்கவில்லை. இரவு சாப்பிடும்போது மட்டும், "அப்பா, தடுத்த பிறகும் அவர் நிற்கவே இல்லை, கீப்பர் விழ முதலே அவர் வெளிக்கிட்டுட்டார்" என்றான். நான் கவனிக்கவில்லை. பிறகு வீடியோவில் பார்த்தேன், உண்மைதான். தவறவிட்டேனே என்று தலையில் கை வைக்கவில்லை, அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு அவன் சட்டை மாறவில்லை, வொண்டரர்ஸ்தான். ஆனால் ஜனவரியில் வெலிங்டனை சிட்னி 7-1 என்று அடித்து அதில் நான்கு இவருடையது என்றபோது, "எனக்குச் சிட்னி பிடிக்காது, எண்டாலும் ரிசல்ட் சொல்லுங்கோ" என்று என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தான். இரண்டு சீசனில் 48 ஆட்டம், 24 கோல். ஓய்வெடுக்க வந்தவர் என்று இங்கேயும் சொன்னார்கள்தான். ஓய்வெடுக்க வந்தவன் இரண்டு ஆட்டத்துக்கு ஒரு கோல் அடிக்க மாட்டான்.


டூரின் பழைய மாணவன்

இது நீளமாகத்தான் வரும்.

2006 செப்டம்பரில் முதுகலை படிக்க டூரின் போய் இறங்கினேன். போவதற்கு முன்னால் வீட்டில் எல்லோரிடமும் 'டெல் பியரோ ஊருக்குப் போகிறேன்' என்று பீற்றிக்கொண்டவன். போய்ச் சேரும்போது நிலைமை என்னவென்றால், யுவென்டஸ் ஊழல் வழக்கில் சிக்கி வரலாற்றில் முதல்முறையாக இரண்டாம் லீக்கான சீரி பிக்கு இறக்கப்பட்டிருந்தது. இரண்டு பட்டம் போனது, போதாதற்கு கழித்தல் புள்ளியோடு சீசனை ஆரம்பிக்க வேண்டும். அதே கோடையில் ஊரின் இன்னொரு அணி டொரினோ சீரி ஏக்கு ஏறிவிட்டது. இரண்டு பேருக்கும் ஒரே ஸ்டேடியம், ஒலிம்பிகோ. ஒரு நாள் மேல் லீக், ஒரு நாள் கீழ் லீக், ஒரே புல். எங்கள் விடுதிக் காவலர் டொரினோ ஆள், அந்த வருடம் முழுக்க அவர் முகத்தில் சிரிப்பு குறையவே இல்லை, கொடுத்து வைத்தவர்.

கன்னவாரோவும் எமர்சனும் மாட்ரிட் போனார்கள், தூராமும் ஜம்ப்ரோட்டாவும் பார்சிலோனா, இப்ராஹிமோவிச்சும் வியெராவும் இன்டர். யாரையும் குறை சொல்ல முடியாது, அவரவர் பிழைப்பு. பஃபோன், நெட்வெட், த்ரெஸகே, கமொரனேசி, டெல் பியரோ இருந்தார்கள். ஜூலை 9இல் பெர்லினில் உலகக் கோப்பையைத் தூக்கியவர், சரியாக இரண்டு மாதத்தில், செப்டம்பர் 9இல், ரிமினி என்ற கடற்கரை ஊரின் சின்ன மைதானத்தில் இரண்டாம் லீக் ஆட்டம் ஆடுகிறார், அதுவும் 1-1 டிரா. நம் ஊர்க் கணக்கில் சொன்னால் உலகக் கோப்பை ஜெயித்த கையோடு டிவிஷன் லீக்கில் மேட்டிங் விரித்து ஆட வருவது மாதிரி.

பி லீக் சனிக்கிழமைகளில் நடக்கும். மாணவர்களுக்குக் கட்டுப்படியாகும் விலையில் டிக்கெட். வளைவின் மேல்வரிசையில் குளிரில் நின்று பார்த்த ஆட்டங்களில் பலவற்றின் எதிரணிப் பெயர்கூட இப்போது எனக்கு நினைவில்லை. நினைவில் இருப்பது இதுதான்: ஊர் பேர் தெரியாத டிஃபெண்டர்கள் அவரை உதைத்தார்கள், நன்றாகவே உதைத்தார்கள். அவர்களுக்கு அது பேரனுக்குச் சொல்லும் கதை. எழுந்து, காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டு, ஃப்ரீ கிக்குக்குப் பந்தை வைப்பார். அவ்வளவுதான் பதில்.

அந்த லீக்கிலும் 20 கோல், முதலிடம் அவர். கழித்தலோடு சேர்த்தே 85 புள்ளி எடுத்து யுவென்டஸ் முதலாவதாக மேலே வந்தது. மறு வருடம், 2007-08, சீரி ஏயில் 21 கோல், மறுபடியும் முதலிடம், இரண்டாவது வந்த த்ரெஸகே பக்கத்திலேயே ஆடுபவர், 20 கோல். கடைசி நாளில் ஜெனோவாவில் சம்ப்தோரியாவுக்கு எதிராக இரண்டு அடித்துத் தாண்டினார். பியிலும் ஏயிலும் அடுத்தடுத்து முதலிடம் வந்தவர் அவருக்கு முன்னால் பாவ்லோ ரோஸி ஒருவர்தான். 33 வயதில். முழங்கால் நண்பருக்கு இதைச் சேர்த்துச் சொல்கிறேன்.

படிப்பு முடிந்து மிலானில் வேலை கிடைத்தது. 2011 அக்டோபரில் கிளப் தலைவர் இது அவருடைய கடைசி சீசன் என்று அறிவித்துவிட்டார். பங்குதாரர் கூட்டத்தில். அதற்குச் சில மாதம் முன்னால்தான் தொகை எழுதாத வெற்று ஒப்பந்தத்தில்கூடக் கையெழுத்துப் போடுகிறேன் என்று அவர் சொல்லியிருந்தார். எனக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. பயிற்சியாளர் கோன்டே அவரை அதிகம் இறக்கவும் இல்லை. ஆனால் ஏப்ரலில் லாத்ஸியோவுக்கு எதிராகக் கடைசி நிமிடங்களில் ஃப்ரீ கிக் அடித்து 2-1 என்று ஜெயிக்கவைத்தது யார்? அந்த மூன்று புள்ளி இல்லையென்றால் பின்னால் துரத்திய மிலான் அணி கழுத்தைப் பிடித்திருக்கும்.

2012 மே 13. புது ஸ்டேடியம், அட்டலான்டா. பட்டம் முந்தின வாரமே உறுதி, சீசன் முழுக்க லீக்கில் ஒரு தோல்விகூட இல்லை. நண்பனின் மாமாவுக்குக் காய்ச்சல், அவர் சீட்டு எனக்குக் கிடைத்தது, அந்தக் காய்ச்சலுக்கு நான் இன்றும் கடமைப்பட்டிருக்கிறேன். முதல் பாதியிலேயே ஒரு கோல் அடித்தார். இரண்டாம் பாதி ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில், வெளியே வரவேண்டியவரைக் காட்டும் பலகையில் பத்தாம் நம்பர். எல்லோரும் எழுந்துவிட்டோம். குனிந்து வணங்கினார், வெளியே போய் உட்கார்ந்தார்.

உட்கார முடியவில்லை. கைதட்டல் நிற்கவே இல்லை. எழுந்து வந்தார், கோட்டுக்கு வெளியே நடக்க ஆரம்பித்தார். உள்ளே ஆட்டம் நடந்துகொண்டிருக்கிறது! மைதானத்தைச் சுற்றி நடக்கிறார், மேலேயிருந்து ஸ்கார்ஃப் ஸ்கார்ஃபாக விழுகிறது, ஒவ்வொன்றாகக் குனிந்து எடுக்கிறார். என் பக்கத்தில் இருந்த பெரியவர், அறுபதைத் தாண்டியவர், பேசாமல் தன் ஸ்கார்ஃபைக் கழற்றிச் சுருட்டி என் கையில் கொடுத்தார், அவருக்குத் தோள்வலி, எறிய முடியாது. நான் எறிந்தேன். போய்ச் சேரவில்லை, இரண்டு வரிசைக்குக் கீழே ஒரு பெண்மணி தலையில் விழுந்தது, அவர் எடுத்து எறிந்தார், அதுவும் சேரவில்லை, அடுத்த ஆள். கடைசியில் விளிம்பைத் தாண்டிப் போனது.

705 ஆட்டம், 290 கோல், இரண்டிலும் அந்த கிளப்பில் அதுவரை அவருக்கு மேலே யாரும் இல்லை.


வடசென்னை லெஃப்ட் விங்

அண்ணே, ஒரே ஒரு சந்தேகம். அந்த ஆட்டம் 3-1, கடைசி நேரத்தில் பர்ஸாலி ஒரு பெனால்டி அடித்தார் என்று படித்திருக்கிறேன். டிஃபெண்டர் ஆளாயிற்றே, எப்படி அடித்தார்?


டூரின் பழைய மாணவன்

அப்படியா? தெரியாதே. நான் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.